பேபி காரும் மல்லாட்டை மூட்டையும்

வெயிலில் காய்ந்த ரெக்சின் இருக்கையின் சூடும், பெட்ரோல் வாடையும், மண்டியிலிருந்து பறந்து வரும் நிலக்கடலைத் தூசியும் ஒன்றாகக் கலந்த ஒரு நெடி உண்டு. அதை நினைத்தால் எழுபதைத் தாண்டிய இந்த வயதிலும் எனக்குக் கால் தரையில் பாவுவதில்லை. அது எங்கள் சித்தப்பாவின் காரினுடைய நெடி. மதராஸில் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்த சித்தப்பாவுக்கு, டாக்டர் பெரிய வண்டி வாங்கியபோது பழைய சின்ன வண்டியைக் கொடுத்துவிட்டார். அதை அவர் கள்ளக்குறிச்சிக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்று எனக்குப் பதினோரு வயது. ஊரே அதை 'பேபி கார்' என்றது.

"இன்னாய்யா, டாக்டரு காரு குட்டி போட்டுச்சா?" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

"ஆமா, வளந்தா லாரி ஆவும். பாத்துக்கினே இரு" என்றார் சித்தப்பா.

அந்தக் காரின் பெருமைகளை அப்போது என்னைக் கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன். மாட்டுவண்டி திரும்ப முடியாத எங்கள் தெருவில் அது திரும்பும். திரும்பாவிட்டால் நாலு பேர் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். கொஞ்சம் பெட்ரோலில் கச்சிராயபாளையம் போய் வந்துவிடும். நிறுத்துவதற்குத் தனி இடம் வேண்டாம், மாட்டுக் கொட்டகையில் பசுவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளும்; பசு ஒருநாள் அதன் கூரையை நக்கிக்கூடப் பார்த்தது. குறைகளும் இருந்தன. பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். தரைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. மழையில் சேறு காலில் அடிக்கும், ஆனால் அதன் வழியே சாலை கீழே ஓடுவதைப் பார்க்கலாம் என்பதால் எனக்கு அதுவும் பெருமைதான். உண்மையான குறை ஒன்றே ஒன்று. மேட்டைக் கண்டால் முனகும், கனம் கூடினால் நின்றுவிடும்.

அப்பா மல்லாட்டை மண்டியில் எடை போடுபவர். 'மல்லாட்டை' என்பது எங்கள் பக்கம் நிலக்கடலைக்குப் பெயர். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவரும் ஒரு விவசாயி அவருக்கு நெருங்கிய பழக்கம். அந்த ஆண்டு தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தே ஆகவேண்டும் என்று அழைத்தார். மலைக்கு அப்போதுதான் கப்பிச் சாலை போட்டிருந்தார்கள். சித்தப்பாவும் அப்பாவும் காரில் போவதென்று முடிவானது.

என் அக்கா சரோஜாவுக்குப் பதினாறு வயது. அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளை திருக்கோவிலூர். மலையை எங்கள் மாடியிலிருந்து நீலக் கோடாகப் பார்த்ததோடு சரி. "ஒரே ஒரு தடவ அங்க நின்னு பாத்துட்டு வந்துடறேம்பா. அப்புறம் எங்க அனுப்புவாங்க?" என்று அப்பாவிடம் கெஞ்சினாள். நானும் அழுது புரண்டேன்.

சித்தப்பா கணக்குச் சொன்னார். "எங்க ரெண்டு பேரோட ஒரு மல்லாட்ட மூட்ட கனம் ஏத்தலாம். துளி ஜாஸ்தின்னாலும் மேட்டுல நின்னுடும்."

எடை போடுகிற வீட்டில் எந்த வழக்கும் தராசுக்குத்தான் போகும். மாம்பழம் பங்கு பிரிப்பதானாலும் எங்களுக்கு அதுதான் நீதிமன்றம். மூத்தவள், கல்யாணப் பெண் என்பதால் அக்காவுக்கே முதல் உரிமை. அவள் மூட்டைக்குள் அடங்கினால் அவள், மீறினால் நான். மண்டியில் விட்டத்தில் தொங்கிய பெரிய தராசின் ஒரு பலகையில் மூட்டையை வைத்தார்கள். மறுபலகையில் அக்கா, தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி உட்கார்ந்தாள். ஒல்லியான பெண். மூட்டைப் பக்கம் தாழத் தொடங்கியதை நான் பார்த்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த நான், பலகையின் விளிம்பில் வலது காலை வைத்து அழுத்தினேன். அக்கா சரசரவென்று கீழே இறங்கினாள்.

மூட்டை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா பாப்பா, மூட்டையவே மேல தூக்கிட்ட!"

அப்பா தராசின் முள்ளை மட்டும் பார்த்தார். என் காலைப் பார்க்கவில்லை. அக்கா இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

அந்தப் பயணத்தைப் போல் ஒரு பயணம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கரும்புக் காடுகளைத் தாண்டி, கோமுகி ஆற்றைத் தாண்டி, கார் உறுமிக்கொண்டு வளைவு வளைவாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ரேடியேட்டரில் கொதித்த தண்ணீரை மாற்ற நான் சொம்போடு குதித்து ஓடினேன். ஓர் ஓடையில் சக்கரம் புதைந்தபோது, மலைக்காரர்கள் ஆறு பேர் வந்து, எங்களை இறங்கக்கூட விடாமல், காரோடு பல்லக்கு போலத் தூக்கி அக்கரையில் வைத்தார்கள். நான் ஜன்னலில் தலையை நீட்டி ராஜாவைப்போல் கையாட்டினேன். திருவிழாவில் தேனும் சாமைச் சோறும் பலாச்சுளையும் வயிறு கொள்ளாமல் தின்றேன்.

திரும்பும்போது, மலையேறி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அந்த விவசாயி வீட்டார் ஒரு முழு மூட்டைச் சாமையைப் பின்னிருக்கையில் என் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். சித்தப்பாவால் மறுக்க முடியவில்லை. இறக்கம் தொடங்குவதற்கு முன் இரண்டு செங்குத்தான மேடுகள் இருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கார் முனகியது, ஆனால் நிற்காமல் ஏறிவிட்டது. அப்பா, சித்தப்பா, நான், என்னோடு ஒரு முழு மூட்டை. சித்தப்பா குஷியில் ஹாரனை அடித்தார். நான் மட்டும் அந்த மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்திருக்கலாம். நானும் போயிருக்கலாம், அவளும் வந்திருக்கலாம்.

அதன்பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. மண்டியில் அக்காவுக்கு வைத்த 'மூட்டை' என்ற பெயர் தெருவுக்கு வந்தது. நானும் அப்படியே கூப்பிட்டேன். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் காதிலும் அது விழுந்தது. அக்கா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்வதை நான் அப்புறம் பார்த்ததே இல்லை.

போன வருடம் நானும் ஒரு சின்ன கார் வாங்கினேன். மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியில், பஸ் நிலையத்து ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே அது மீன் மாதிரி நழுவிப் போகிறது. இரண்டு பை வைத்தால் பின்பக்கம் நிறைந்துவிடுகிறது. பெரிய லாரி கடந்தால் வண்டியே நடுங்குகிறது. ஆனாலும் சாவியைத் திருப்பினால் எனக்குப் பதினோரு வயதாகிவிடுகிறது. மண்டி இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. பேபி கார் பழைய இரும்புக்குப் போனது. மலை ஓடைகளுக்குப் பாலம் வந்துவிட்டது, காரைத் தூக்க இனி யாரும் வரவேண்டியதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் இல்லை. அன்று தராசடியில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் நாங்கள் இருவர்தான்.

சென்ற மாதம் திருக்கோவிலூருக்குப் போய், வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏறுக்கா, மலைக்குப் போவலாம்" என்றேன்.

அக்கா சிரித்தாள். "நீ போய்ட்டு வாடா தம்பி. நா ஏறுனா இந்தக் குட்டி வண்டி எங்க இழுக்கும்?"

தெருவில் நின்றபடியே சொன்னேன், காலை எங்கே வைத்தேன், எப்படி அழுத்தினேன், சாமை மூட்டை எப்படி மேடு ஏறியது என்று எல்லாவற்றையும். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெல்லக் கேட்டாள்.

"அப்ப நா குண்டா இல்லியாடா?"

"இல்லக்கா. எப்பவுமே இல்ல."

அவள் என்னையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. எலும்பு துருத்திய தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.