சாமி வராத பத்மாசனம்

நாள் முழுக்க மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்தால் முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் தூக்கம் வராது. தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே மருந்துக்கடை மாதிரி மணத்தது. அந்தக் கடுப்பில்தான் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பத்மாசனம் பழக ஆரம்பித்தேன்.

கால் லேசில் மடங்கவில்லை. வலது பாதத்தைத் தூக்கி இடது தொடைமேல் வைத்தால் இடது கால் முறுக்கிக்கொள்ளும். எனக்குக் கோபம் வரும். யாரைத் திட்டுவது? காலைத்தான் திட்டினேன். திட்டு வாங்கியே அது பணிந்தது. இரண்டு பாதமும் தொடைமேல் ஏறி முதுகு தானாக நிமிர்ந்த அன்று, மூச்சு அடிவயிறு வரை போய் நிதானமாகத் திரும்பி வந்தது. மஸ்கெலியாப் பக்கமிருந்து ஏறிய பனிமூட்டம் வாசலைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. அது உள்ளே வருகிறதா, நான்தான் வெளியே மிதந்து போகிறேனா என்று தெரியவில்லை. உடம்பு எங்கே முடிகிறது என்பதும் மறந்துபோனது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்று அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில் கால் மடக்க இடம் இருப்பது சாமிப் படத்துக்கு முன்னால் மட்டும்தான். வேலை முடிந்து வந்து குளித்து, ஈரத்தலையை விரித்துப்போட்டு, விளக்கேற்றிவிட்டு அங்கேயே உட்காருவேன். அடுப்புப் புகை போவதற்காகக் கதவு திறந்தே கிடக்கும். விரித்த தலை, மூடிய கண், எதிரே விளக்கு. எனக்குச் சாமி இறங்கிவிட்டதாக லயமே முடிவு கட்டிவிட்டது. அது எனக்கு மட்டும் தெரியாது.

ஒரு சாயங்காலம் கண்ணைத் திறந்தால், எதிரே ஒரு தட்டில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும். பக்கத்து வீட்டு அக்கா கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டு வேலைக்கு வெளிநாடு போன அவள் மகளிடமிருந்து பல வாரமாகப் போன் வரவில்லை. அனுப்பி வைத்த ஆளும் போனை எடுப்பதில்லை.

“எம்மக உசுரோட இருக்காளா தாயி? நீங்கதான் சொல்லணும்.”

தினமும் என்னை வாடி போடி என்று கூப்பிடுகிறவள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஐயோ அக்கா, எனக்குச் சாமியெல்லாம் வரலக்கா. முதுகு வலிக்காக இப்படி ஒக்காந்திருக்கேன்.”

அவள் சிரிப்பாள், அல்லது தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. கூப்பிய கையை மட்டும் மெதுவாக மடியில் இறக்கினாள்.

“சாமி வராட்டி போகுது. நீயே சொல்லுடி.”

எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“நல்லா இருக்காக்கா,” என்றேன்.

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். அவள் அழுது முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.