பதினோராவது படம்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு வீட்டு வேலைக்குக் கொழும்பில் இரண்டு வீடு, குவைத்தில் மூன்று வீடு, இப்போது மஸ்கெலியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டு. எங்கே போனாலும் என் பெட்டிக்கு அடியில் பதினோரு சாமி படங்கள் இருக்கும்.

அவற்றைத் தந்தவர் மிஷன் டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜெபவீட்டில் பாடம் நடத்தினார். காலையில் எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கு, பின்னேரம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பெரிய பிள்ளைகளுக்கு. வெள்ளிக்கிழமைகளில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, அந்த வாரம் செய்த தப்பைக் கேட்பார். உண்மையைச் சொன்னால் உள்ளங்கை அளவு இயேசு படம் ஒன்று. செய்யாத தப்பையும் ஒப்புக்கொண்டு நான் பத்து சேர்த்திருந்தேன்.

“இன்னும் எத்தனடி வேணும்? சேத்து முடிச்சா சொர்க்கத்துக்கு பஸ் டிக்கெட் குடுப்பாங்களா?” என்பார் சித்தப்பா. அவரும் டீச்சரிடம்தான், பின்னேர வகுப்பில் படித்தார்.

அந்த வருடம் சம்பளம் கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். ஒரு செவ்வாய்க்கிழமை டவுனில் யாரோ போலீஸ் ஜீப்பைக் கொளுத்திவிட்டார்கள். யுத்த காலம் வேறு. பிடித்துக்கொண்டு போன தமிழ்ப் பையன்களில் சிலர் திரும்பி வந்ததில்லை.

வியாழக்கிழமை காலை ஜீப் மேடேறும் சத்தம் கேட்டது. டீச்சர் வரவு பதியும் இடாப்பைத் திறந்து, செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் பெரிய பிள்ளைகள் எல்லாருக்கும் வரவு போட்டார். முன்வரிசையிலிருந்த நான் அதைப் பார்த்தேன்.

சித்தப்பாவை எங்கள் லயத்து வீட்டிலிருந்து இழுத்துவந்து ஜெபவீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அம்மா பின்னாலேயே ஓடி வந்தார்.

“செவ்வாய்க்கிழமை இவர் என்ர வகுப்பிலதான் இருந்தவர்” என்று டீச்சர் இடாப்பை நீட்டினார்.

அதிகாரி அதை வாங்கவில்லை. டீச்சரின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, பிறந்த ஊரை இரண்டு தரம் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, தெரிந்த தமிழில் கேட்டார்.

“பாப்பா, பொய் சொல்ல வேணாம். இந்த ஆள் அன்னைக்கு இங்க இருந்ததா?”

“இல்லீங்க. டவுனுக்குப் போனாங்க. டீச்சர் இப்பத்தான் எழுதினாங்க.”

பரீட்சை விண்ணப்பத்துக்கு போட்டோ எடுக்கத்தான் போனார் என்று நான் சொன்னபோது யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சித்தப்பா என்னைத் திட்டவில்லை.

இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நான் கிட்டே ஓடினேன்.

“டீச்சர், எனக்குப் படம்?”

இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை என்பார் என்று நினைத்தேன். அவர் பைபிளுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“இந்தாங்கோ பிள்ளை. நீங்கள் சொன்னதில பிழையில்ல.”

ஆறு மாதம் கழித்து டீச்சரை விட்டார்கள். ஊருக்கே போய்விட்டதாகக் கேள்வி. சித்தப்பா வரவேயில்லை.

அவர்களைக் கொண்டுபோன அன்றைக்கு எங்கள் லயத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டவில்லை. பதினோரு படங்களையும் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, சித்தப்பா வந்ததும் காட்டலாம் என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன்.