வெள்ளிப் பட்டன்

மதுரையில் பழைய வீடியோ கேம் விற்கும் கடையில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு, கட்டை அடுக்கும் ஆட்டம் உள்ள, வெள்ளிநிறப் பட்டன் வைத்ததுதான் வேண்டும் என்றேன். கடைக்காரர் தேடப் போனார். கையிலிருந்த ஒன்றின் பேட்டரி மூடியைத் திறந்தேன். அந்தத் துரு வாடையில், நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியே முன்பு இருந்த தகரக் கொட்டகை கண்முன் வந்துவிட்டது.

பேட்டரிச் சாமான் உள்ளே போகக்கூடாது என்பதால், பள்ளி விட்டதும் அங்கே உட்கார்ந்து விளையாடியபடி அம்மாவுக்காகக் காத்திருப்பேன். எனக்கு விவரம் தெரியுமுன்பே அப்பா அவளுக்கு வாங்கித் தந்த கேம் அது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியப் பவுடர் ஒட்டிய விரல்களோடு வந்து, "குடுலே, வண்டி வர்றதுக்குள்ள ஒரே ஒரு ஆட்டம்" என்று பிடுங்கிக்கொள்வாள். வேன் வந்து ஹாரன் அடித்தாலும் நிமிரமாட்டாள்.

"வெள்ளிப் பட்டன் வந்ததே இல்ல சார். எல்லாமே மஞ்சள்தான்" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்ல இருந்துச்சேங்க" என்று சண்டைக்குப் போனவன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அம்மாவின் விரல் பூசிய நிறத்தைத்தான், கம்பெனி போட்ட நிறம் என்று இத்தனை வருடமாகத் தேடியிருக்கிறேன்.

மஞ்சளையே வாங்கிக்கொண்டேன்.