பஸ் ஸ்டாப் பெயர் வைத்த ஏழு ஆமைகள்

போன வாரம் தேனியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். வரவேற்பு மேஜையோரம் மீன் தொட்டி. அங்கிருந்த பெண் தீவன டப்பாவைத் திறந்ததும் காய்ந்த இறால் வாடை கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் எனக்கு முன்னால் இருந்த நாலு பேரைத் தாண்டி என்னை உள்ளே அனுப்பிவிட்டாள். நானும் மறுக்காமல் போய்விட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான் வேலை பார்த்தது தேனி பஜாரில் ஒரு வண்ணமீன் கடையில். அந்த இறால் வாடை என் பின்னலுக்குள்ளேயே குடியிருக்கும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் வேறு சீட் தேடிப் போவார்கள். தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்து போவேன்.

மீனைவிட ஆமைக்குஞ்சுதான் நன்றாக விற்கும். சென்னையிலிருந்து பெட்டியில் வரும். பச்சை ஓடு, காதோரம் சிவப்புக் கோடு, ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும். கிண்ணத்தில் விட்டு வாசலில் வைத்தால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். "பெருசாகுமா?" என்று பெற்றவர்கள் கேட்பார்கள். "ஆகாதுங்க, இதே சைஸுதான்" என்பேன். முதலாளி சொல்லிக்கொடுத்த பதில். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு உயிர் எப்படி வளராமல் இருக்கும் என்று யோசித்ததும் இல்லை.

அந்தப் பதிலை நம்பி வாங்கிப்போனவர்களில் தங்கவேல் அண்ணனும் ஒருவர். தேனிக்கும் கூடலூருக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மனைவி இறந்து, ஒரே மகனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதால், வீட்டில் அசைகிற மாதிரி ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று வாங்கினாராம். இரண்டு மாதம் கழித்து, காக்கிச் சட்டையோடு கடைக்குள் வந்து உள்ளங்கையை நீட்டினார். குஞ்சின் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன.

"ஓட்டைத் தொட்டுப் பாராத்தா. ஊறுன அப்பளம் மாதிரி இருக்கு."

"அது பிழைக்காதுண்ணே. வேற ஒண்ணு எடுத்துக்கங்க."

"வேற கேட்டனா நான்? இது ஏன் இப்பிடி ஆச்சுன்னு கேட்டேன்."

உத்தமபாளையத்தில் பஸ் நிற்கிற நேரத்தில் மாட்டு டாக்டரைப் பிடித்து அவரே கேட்டுக்கொண்டார். வெயில் வேண்டும், வெயில் காய ஒரு செங்கல் வேண்டும், கீரையும் பொடி மீனும் வேண்டும். ஓடு இறுக, நாட்டு மருந்துக் கடையில் வெள்ளையாக, எடையே இல்லாமல் கிடைக்குமே கடல் நுரை, அதைத் தண்ணீரில் போட வேண்டும். "நீங்க டியூப் லைட்டுக்கு அடியில வச்சுல்ல விக்கிறீக" என்றார் அண்ணன் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குஞ்சு பிழைத்தது.

அதற்கப்புறம் யாராவது கேட்டால், "ஆகும், சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகும், நம்ம பிள்ளைக்குக் கல்யாணம் ஆனப்புறமும் இருக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். முதலாளி என்னை வாசலிலிருந்து எடுத்து, பின்னால் தொட்டி கழுவப் போட்டுவிட்டார்.

வளர்ந்து நாற ஆரம்பித்த ஆமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் தவித்தார்கள். தங்கவேல் அண்ணன் வாங்கிக்கொள்வார் என்ற செய்தி பஸ் போகிற வழியெல்லாம் பரவியது. ஓட்டல்காரர் ஒருவர் சின்னமனூரில் வாளியோடு ஏற்றிவிட்டார். கம்பத்தில் ஒரு அம்மா குக்கரில் போட்டுக் கொண்டுவந்தார். எந்த ஸ்டாப்பில் ஏறியதோ அதுவே அந்த ஆமைக்குப் பெயர். பழனிசெட்டிபட்டியில் அவர் வீட்டுக் கொல்லையில், பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருந்த சிமென்ட் தொட்டியில், தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், கம்பமெட்டு ரோடு என்று ஏழும் செங்கல் மேல் ஏறி வரிசையாகக் கழுத்தை நீட்டியிருக்கும். "உத்தமபாளையம் கம்பத்தைக் கடிச்சிருச்சு" என்று அவர் சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாது.

ஒரு தடவை போடிக்காரர் ஒருவர் முதுகில் நட்சத்திரம் போட்ட கட்டாமை ஒன்றைக் கொண்டுவந்தார். அண்ணன் அதை ஒரு ராத்திரிகூட வைத்துக்கொள்ளவில்லை. "இது நம்ம காட்டுது. வனத்துறைக்காரவுக கையில குடுத்துரணும்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கல்யாணமாகி ஜெயமங்கலம் வந்த மறுவருஷம் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. திருப்பூருக்கு மகனிடமே போய் இருக்க வேண்டியதாகிவிட்டது. அவன் இருந்தது ஒற்றை அறை. ஏழையும் இரண்டு குண்டாவில் வைத்து ஆட்டோவில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"முடியலன்னா எனக்கு ஒரு போன் போடு ஆத்தா, வேற ஆள் பாக்குறேன். கண்மாயில மட்டும் விட்றாத. இதுக நம்ம பக்கத்து ஆமை இல்ல. இருக்கிறதையும் இருக்க விடாது."

"விட மாட்டேண்ணே."

மோட்டார் ரூம் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தொட்டி கட்டிக்கொடுத்தார். ஒரு வருஷம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். பிறகு மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் அவளுக்கு வயிற்றுப்போக்கு. பெரியகுளம் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தோம். வீடு திரும்பியதும் அத்தை சொன்னார்கள்: "பச்சப்புள்ள இருக்கிற வீடு. அந்தத் தொட்டித் தண்ணியில அளைஞ்ச கையோடதான தூக்குற?" அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். பேறுகாலத்தில் எனக்குப் பதிலாக அந்தத் தொட்டியைக் கழுவியதே அவர்கள்தான்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் சாக்கை உதறிக்கொண்டே கேட்டார்: "கண்மாயில விட்டுட்டு வந்துரவா?"

நான் பிள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு போன் போட்டிருக்கலாம். அதுவும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் போன் செய்வார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விசாரிப்பார். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். தேனி வெயில் காய்கிறது. கூடலூர் கீரைக்கு அடித்துக்கொள்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தால் சந்தேகம் வருமே என்று, ஒரு வாரம், கம்பம் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் வாசலில் நின்றார். கால் வீங்கியிருந்தது. சட்டை தோளில் தொங்கியது. நான் எழுந்திருப்பதற்குள் கொல்லைப் பக்கம் போய்விட்டார். தொட்டியில் மண் நிரப்பிப் புதினா போட்டிருந்தோம்.

அண்ணன் குனிந்து புதினாவை விலக்கிப் பார்த்தார். "எங்கன விட்டீக?" என்றார்.

"கண்மாயிலண்ணே."

"கம்பம் சாப்பிடலன்னியே. ரெண்டு நாளா அதே நெனப்பாக் கெடந்துச்சு. அதான் வந்தேன்."

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தார். கடல் நுரை. ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தார். டாக்டர் அளவாகத்தான் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். என் இடுப்பிலிருந்த பிள்ளையின் தலையைத் தொட்டுவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்று கிளம்பினார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வழியில்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்ததற்கு அடுத்த வாரம் நானே கூப்பிட்டேன். மகன்தான் எடுத்தான். எல்லாம் முடிந்து நான்கு நாளாகிவிட்டது என்றான்.

எங்கள் கண்மாயில் முன்பு கறுப்பாமை இருந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில், சாய்ந்து கிடக்கும் கருவேல மரத்தில் பத்துப் பன்னிரண்டு ஏறிக் கிடக்கும். அடிப்பிடித்த சட்டி நிறம். முதுகில் விரலை ஓட்டினால் மூன்று வரம்பு தட்டுப்படும். இப்போது மீன் குத்தகைக்காரரிடம் கேட்டால், "அது வலையில விழுந்து வருசக்கணக்காச்சுக்கா. செவப்புக் காதுதான் வருது" என்கிறார். தண்ணீர் வற்றியதும் காரணமாக இருக்கலாம், மற்றவர்கள் கொண்டுவந்து விட்டதும் இருக்கலாம். என் வீட்டிலிருந்து போன ஏழுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று யாரும் எனக்குச் சொல்லப் போவதில்லை.

மகள் இப்போது தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கிறாள். நம்ம ஊர்க் குளத்து உயிர்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார்களாம். "கறுப்பாமை எப்பிடிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் அதைப் பார்த்ததே இல்லை.