ரேவின் வீட்டு முன்கதவு

ரேவின் ஹிக்லிங் வீட்டின் முன்கதவு கடைசியாகத் திறந்தது அவள் மாமனாரின் சவப்பெட்டியை வெளியே கொண்டுபோவதற்காக. பின்வாசல் திருப்பத்தில் பெட்டி வளையவில்லை. வளைந்திருந்தால் அவரும் எல்லாரையும்போல் அந்த வழியாகத்தான் போயிருப்பார். அதெல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவுக்கு உட்பக்கமாக ஒரு பெரிய ஃப்ரீசரைக் கொண்டுவந்து போட்டார்கள். அரை மாடு கொள்ளும் ஃப்ரீசர். அப்புறம் யார் நகர்த்துவது?

எங்கள் தாரனாக்கி மலைப் பக்கத்து மாட்டுப் பண்ணை வீடுகளில் முன்கதவு என்பது வீட்டுக்கு ஒரு முகம் வேண்டுமே என்பதற்காக வைப்பது. மாட்டு டாக்டர் வருவதும் பின்வாசல், பாதிரியார் வருவதும் பின்வாசல். பால் வண்டிக்காரன் டீ குடிக்க வந்தாலும் அங்கேதான் பூட்ஸைக் கழற்றுவான். முன்னால் வந்து தட்டுகிறவர் எதையாவது விற்க வந்தவராக இருப்பார், தானே போய்விடுவார்.

ரேவினுக்கு நாற்பத்தெட்டு வயது. முந்நூறு மாடு, கணவன் பிரென்ட், ஒன்பது வயது மகள் பிரையனி, ஐந்து வயது மகன் டூகல். மழை நாளில் கொட்டகையிலிருந்து அவள் ஒரு சத்தம் போட்டால் மூன்றாவது வேலிக்கு அப்பாலிருக்கும் மாடும் திரும்பிப் பார்க்கும். பதினேழு வயதில் டென்மார்க்குக்குப் போய் ஒரு வருடம் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெட்டிகூட வாங்கியாயிற்று. கன்று போடும் பருவத்தில் அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவள் போகவில்லை. அந்தப் பெட்டியில் இப்போது கன்றுகளுக்குக் குளிருக்குப் போர்த்தும் துணி இருக்கிறது.

அதற்குப் பழி வாங்குகிற மாதிரிதான் அவள் ஒரு வருடம் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். "உலகத்தை நான் போய்ப் பாக்க முடியல. அது இங்க வந்து பாத்திரம் கழுவட்டும்" என்பாள். ஆறு பிள்ளைகள் வந்து போனார்கள். தாய்லாந்துப் பையன் முதல் வாரம் முழுக்க அழுதான், கடைசி வாரமும் அழுதான், நடுவில் நன்றாகச் சமைத்தான். பிரேசில் பெண் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டே அறை அறையாக நடந்தாள். எல்லாருக்கும் வந்த அன்றே சேற்றில் நடக்க ஒரு ஜோடி ரப்பர் கம்பூட்ஸ், அதில் வெள்ளைப் பெயின்டில் பெயர். இந்த வீட்டில் விருந்தாளி கிடையாது என்பதுதான் சட்டம். ஊருக்குப் போனபின்னும் அந்த பூட்ஸை ரேவின் எறிய மாட்டாள். பின்வாசலில் ஆறு ஜோடியும் வரிசையாக நிற்கும்.

ஏழாவது ஜோடி ஸ்வென்யாவுடையது. ஜெர்மனியில் பிரெமென் நகரத்துப் பெண், பதினாறு வயது, நெட்டை, வாய் திறந்தால் அளந்துதான் பேசுவாள். ஜூலையில் வந்தாள். ஆகஸ்டில் இரட்டையாகப் பிறந்த கன்றுகளில் நோஞ்சானாக ஒன்று நிற்க முடியாமல் கிடந்தபோது, யாரும் சொல்லாமலே மடியில் போட்டுக்கொண்டு குழாய் வழியாகச் சீம்பால் புகட்டினாள். அந்தக் கன்று பிழைத்துக்கொண்டது. பிரையனி அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் அக்டோபர் மாதம் நடக்கும் கன்று நாளுக்கு அதைத்தான் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கயிற்றைப் பிடித்து முரண்டு இல்லாமல் நடக்கப் பழக்க வேண்டும். கன்றுக்கு ஒரு டைரியும் எழுத வேண்டும், அது பள்ளிக்கூடத்துச் சட்டம். பிரையனி எழுதினாள், ஸ்வென்யா பழக்கினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடிதம் வந்தது.

பிள்ளைகளை அனுப்பிவைக்கும் அமைப்பிலிருந்து. புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளர் பிலிப்பா கார்லண்ட் முன்னறிவிப்பின்றி மூன்று முறை வந்து பார்த்தாராம். பலமுறை தட்டியும் யாரும் கதவைத் திறக்கவில்லையாம். மாணவி பெரியவர் துணையின்றி விடப்பட்டதாகத் தெரிகிறதாம். இதை ஒப்புக்கொண்டு, இனி நடக்காது என்று இணைப்புத் தாளில் கையெழுத்திட்டால் மாணவி கண்காணிப்பின்கீழ் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பெட்டியோடு வாசலில் தயாராக இருக்க வேண்டும். நியூ பிளிமத்தில் வேறு வீடு பார்த்தாயிற்று.

ரேவின் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு போன் போட்டாள்.

"மூணு தடவை வந்தீங்களா?"

"ஆமா. நல்லாவே தட்டினேன்."

"எந்தக் கதவை?"

"எந்தக் கதவுன்னா? கதவைத்தான்."

"எங்க வீட்டுக்குப் பின்னால வரணும், பிலிப்பா. முன்னால யாரும் வர்றதில்ல. அங்க ஃப்ரீசர் இருக்கு."

பிலிப்பா ஆக்லாந்து மாநகரத்தில் பிறந்து வளர்ந்தவர், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். முன்கதவைத் திறக்காத வீட்டை அவர் பார்த்ததில்லை. இது சாக்கு என்று நினைத்துவிட்டார்.

"நான் பாத்ததைத்தானே எழுத முடியும்? அறிக்கை மேல போயாச்சு. அந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, ரேவின். எல்லாருக்கும் சுலபம்."

"எனக்குச் சுலபம் இல்ல" என்று போனை வைத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் பிரென்ட் தாளை எடுத்துப் பார்த்தான். சண்டை சச்சரவு என்றால் அவனுக்கு ஆகாது.

"போட்டுக் குடேன் ரே. வெறும் பேப்பர்தானே. பொண்ணு இங்கயே இருக்கும்."

"இதுல என்ன எழுதியிருக்கு, படி."

"படிச்சேன்."

"பிள்ளையைத் தனியா விட்டுட்டுப் போனேன்னு எழுதியிருக்கு. நான் போனேனா? எங்க போனேன்? இந்தக் கன்னு போடுற பருவத்துல முடி வெட்டிக்கக்கூட நான் டவுனுக்குப் போகல. என் தலையைப் பாத்தாலே தெரியும்."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?"

"போதாது."

ஸ்வென்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கிய பிறகு, கையை ஈரத்தோடு அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க கையெழுத்துப் போடுவீங்களா, ரே?"

"மாட்டேன்."

"சரி."

அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அலமாரி திறக்கும் சத்தம், பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தரையில் போடும் சத்தம். பிரையனி அம்மாவை முறைத்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் ரேவினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே விறைப்பாகத்தான் இருந்தாள், உள்ளுக்குள் பயந்து செத்தாள். அந்தப் பெண் என்ன நினைப்பாள்? ஒரு கையெழுத்துக்கு என்னைவிட மதிப்பா என்று நினைக்க மாட்டாளா? ஸ்வென்யாவோ எப்போதும்போலக் காலை ஐந்தரைக்குக் கொட்டகைக்கு வந்தாள், வாளி கழுவினாள், பிஸ்கட்டை நடத்தினாள். பேச்சு மட்டும் இன்னும் குறைந்துபோனது. அது கோபம் என்றே ரேவின் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, தாளை மேசையில் விரித்துப் பேனாவை எடுத்தாள். தன் பெயரின் முதல் எழுத்தை வைக்கக் கை கூசியது. இதில் கையெழுத்துப் போட்டால், வந்து போன ஆறு பிள்ளைகளையும் தான் அப்படித்தான் பார்த்துக்கொண்டதாக ஆகும். நாளைக்கு எவனாவது ஃபைலைப் புரட்டுவான், ஓஹோ என்பான். அவள் பேனாவை மூடி, தாளை ரொட்டி டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மலை இருந்த இடமே தெரியவில்லை. பத்து மணிக்கு ஸ்வென்யாவின் நீலப் பெட்டி பின்வாசல் படியில், பூட்ஸ் வரிசைக்குப் பக்கத்தில் நின்றது. எல்லாரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு, வீட்டின் அந்தக் கோடியில், முன்கதவை யாரோ தட்டினார்கள்.

பிரென்ட் எழுந்தான்.

"உக்காரு" என்றாள் ரேவின்.

"மழை கொட்டுது ரே."

"பின்னால வரணும்னு போன்ல சொல்லியிருக்கேன். உக்காரு."

மறுபடி தட்டினார்கள். மூன்றாவது முறை பலமாக. டூகல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு தட்டல் நின்றது. வீட்டைச் சுற்றிச் சேற்றில் சளக் சளக்கென்று காலடி, நாய் குரைப்பு, யாரோ நாயிடம் கெஞ்சுவது. பின்வாசலில் பிலிப்பா கார்லண்ட் நின்றார். நல்ல தோல் ஷூவில் கணுக்கால் வரைக்கும் சேறு.

"கதவு திறந்துதான் இருக்கு. ஷூவை அங்க விட்டுட்டு வாங்க" என்றாள் ரேவின்.

அவர் ஷூவைக் கழற்றினார். பூட்ஸ் வரிசையில் எழுதியிருந்த ஏழு பெயர்களையும் குனிந்து படித்தார். ஈரக் காலுறையோடு உள்ளே வந்தார். ரேவின் டீயை அவர் கையில் கொடுத்து, வாங்க என்று நடை வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். முன்கதவுக்குக் குறுக்கே ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது.

"இதைத்தான் தட்டியிருக்கீங்க."

பிலிப்பா குனிந்து ஃப்ரீசருக்கு அடியில் பார்த்தார். "கார்டு போட்டேனே" என்றார் கொஞ்சம் கம்மிய குரலில். "தேதி, நேரம் எல்லாம் எழுதி, கதவுக்கு அடியில."

சொல்லி முடிப்பதற்குள் டூகல் விளக்குமாற்றோடு தரையில் படுத்துவிட்டான். ஃப்ரீசருக்கு அடியிலிருந்து முதலில் ஒரு பட்டாணிப் பாக்கெட் வந்தது, பிறகு ஒரு செத்த எலி, பிறகு தூசியும் இறகுமாக மூன்று கார்டுகள். பிரையனி அவற்றைப் பிடுங்கிப் பார்த்தாள். தேதியைப் படித்ததும் ஓடிப்போய்த் தன் கன்று டைரியைக் கொண்டுவந்து பிலிப்பாவின் முன்னால் நீட்டினாள். அம்மாவிடம்கூடக் காட்டாத டைரி.

பிலிப்பா சத்தமாகவே படித்தார்.

"ஆகஸ்ட் பன்னிரண்டு, நாலரை மணி. பிஸ்கட் மூணு லிட்டர் குடிச்சுது. வாளியை உதைச்சு ஸ்வென்யா மேல ஊத்திடுச்சு. அம்மா நான் எழுதக் கூடாத வார்த்தை சொன்னா." பக்கத்தைப் புரட்டினார். "ஆகஸ்ட் இருபத்தொண்ணு, சாயங்காலம். மழை. பிஸ்கட் சமையலறையில அடுப்புக்கிட்ட படுத்துக்கிச்சு. அம்மா ஸ்வென்யா தலையில இருந்த சாணியைக் கழுவி விட்டா. முன்னால யாரோ தட்டினாங்க. தாத்தா பேய்னு டூகல் சொன்னான். தாத்தா தட்டிட்டு வர்ற ஆளே இல்லன்னு அம்மா சொன்னா."

மூன்றாவது தேதியை அவர் மனதுக்குள் படித்துக்கொண்டார். டைரியை மூடி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து, பத்திரமாகப் பிரையனியிடம் கொடுத்தார்.

"கமிட்டியில கேப்பாங்க, ரேவின்."

"கேக்கட்டும். பின்வாசல் வழியா வந்து கேக்கச் சொல்லுங்க."

"ஒரு முன்கதவை ஒழுங்கா வச்சுக்கிட்டா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதேன்னுதான்..."

"எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல. தப்பான கதவைத் தட்டினது நீங்க. அதை எழுதுங்க. உங்க தாள்லயே எழுதுங்க."

ரொட்டி டப்பாவுக்கு அடியிலிருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பிரென்ட் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தான். பிலிப்பா உட்கார்ந்து, அச்சடித்திருந்ததைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே எழுதினார்: மூன்று முறையும் யாரும் பயன்படுத்தாத கதவை நான் தட்டினேன். மூன்று முறையும் பெரியவர் வீட்டில் இருந்தார். மாணவி இங்கேயே இருப்பாள். பிலிப்பா நல்ல மனுஷிதான், நேராகத்தான் எழுதினார்.

"இதுல போடுறேன்" என்று ரேவின் பேனாவை வாங்கிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

கார் போன பிறகு பிரென்ட், பெரிய உபகாரம் செய்கிறவன்போல, ஸ்வென்யாவின் பெட்டியை உள்ளே கொண்டுவரப் போனான். கனமாக இருக்கும் என்று இடுப்பை வளைத்து ஒரே தம்மில் தூக்கியவன், பெட்டியோடு பின்னால் சாய்ந்து பூட்ஸ் வரிசையில் விழுந்தான். பெட்டி திறந்துகொண்டது. உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு காலுறைகூட இல்லை.

ரேவின் ஸ்வென்யாவைப் பார்த்தாள். "திங்கட்கிழமை ராத்திரியே இறக்கினியே. நீ அடுக்கறேன்னு நான் வாரம் பூரா..."

"பெட்டியை வாசல்ல வைக்கணும்னு கடிதத்துல இருந்துது. வச்சேன்."

"அப்போ போகவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டியா? நான் கையெழுத்துப் போடாமலே?"

ஸ்வென்யா தன் பெயர் எழுதிய பூட்ஸைப் பிரென்டின் முதுகுக்கு அடியிலிருந்து உருவி எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டாள். பிஸ்கட்டுக்குப் பால் கொடுக்க நேரமாகிவிட்டது.

"அந்தப் பொய்யில நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா," என்றாள், "அடுக்கியிருப்பேன்."