பக்கம்னா பக்கம்தானே

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். அச்சகத்திலும் வீட்டிலும் அவர் மில்லிமீட்டர்தான்.

இருபத்திரண்டு வருடமாக டிடிபி வேலை. நோட்டீஸ், நாட்காட்டி, மருந்து அட்டை, எது வந்தாலும் கணினியில் பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்புவார். ஓரம் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டில் சுவர்ப்படம் சாய்ந்திருந்தால், பேசிக்கொண்டிருப்பவரை அப்படியே விட்டுவிட்டுப் போய் நிமிர்த்துவார். அந்த வீட்டில் மறுபடி கூப்பிட மாட்டார்கள். அது வேறு விஷயம்.

மனைவி பூட்டு வேலைக்காரி. ஊரின் பெரிய பூட்டுக்கடையில் பத்து வருடம் அடுத்தவர் வீட்டுக் கதவுகளைத் திறந்துகொடுத்தவள், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சின்னக் கடை ஒன்று போட்டிருந்தாள். சாவியைத் தொலைத்தவன் நோட்டீஸையா தேடுவான்? போனில்தான் தேடுவான். அதனால் அவளுக்கு ஒரு வெப் பேஜ் வேண்டும். அவள் தம்பிக்கு அதுதான் தொழில்.

"நான் பண்ணித் தர்றேன் மாமா," என்றான் தம்பி.

மில்லிமீட்டருக்குச் சுருக்கென்று தைத்தது. "இருபத்திரண்டு வருஷமா நான் என்ன பல்லா புடுங்கிட்டிருக்கேன்? பேப்பர்ல இருந்தாலும் பக்கம், போன்ல இருந்தாலும் பக்கம். பக்கம்னா பக்கம்தானே!"

"இல்ல மாமா. உங்க சாஃப்ட்வேர் பேப்பருக்குன்னே பண்ணது. பேப்பர் ஒரே அளவு. போன் ஆளுக்கு ஒரு அளவு. எழுத்து அதுக்குத் தக்கபடி நகரணும்."

"எழுத்து நகரணுமா? நகராம இருக்கத்தான்டா எனக்குச் சம்பளம்!"

மனைவி இடையில் புகுந்தாள். "யார் வேணா செய்யுங்க. பாக்குறவங்க என்னைக் கூப்பிடணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

மூன்று நாள் உழைத்தார் மனிதர். ஏ-ஃபோர் அளவில் செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்தி, நாலு பக்கமும் ஓரம், மூலைக்கு மூலை தாளை வெட்டுவதற்கான குறி, கீழே நடுவில் '1' என்று பக்க எண், வலது ஓரத்தில் 'மறுபக்கம் பார்க்க'. அவருடைய சாஃப்ட்வேரிலேயே வெப்புக்கு அனுப்பும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்திவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

மாமியார்தான் முதலில் போனை வாங்கிப் பார்த்தார். "ஏன் மாப்ள, கடை கீழ்த்தளம் மட்டும்தானே? ஜி பிளஸ் ஒன்னுன்னு போட்டிருக்கே, மாடி எப்ப கட்டினீங்க?"

மாடியும் இல்லை, மண்ணும் இல்லை. அச்சகத்தில் அவர் பழகிய பழைய தமிழ் ஃபான்ட், அது ஏற்றியிருக்கும் கணினியில்தான் தமிழாகத் தெரியும். வேறு எங்கே திறந்தாலும் ஆங்கிலக் குப்பையாகக் கொட்டும். 'பூட்டு' என்று அவர் அடித்தது, ஜி, பிளஸ், பார்க்க ஒன்று மாதிரியே இருக்கும் சின்ன எல் என்று ஆரம்பித்து அரைப்புள்ளியோடு பல்லைக் காட்டியது.

தம்பி சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. வீம்பு ஏறிவிட்டது மனிதருக்கு. பக்கம் முழுவதையும் ஒரே படமாக மாற்றிப் போட்டார். இப்போது தமிழ் தெரிந்தது. ஆனால் போனில் அது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், பிறகு போனைத் துடைத்தார். கடைசியில் 'மறுபக்கம் பார்க்க' என்பதை மட்டும் எப்படியோ படித்து, போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.

"டிசைன் நல்லாத்தான் இருக்கு, மாப்ள," என்றார், பாவம்.

கடை திறந்து இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு அழைப்பு இல்லை. மனைவி கடையில் ஈ ஓட்டினாள். வீட்டுக்கு வந்தால் சண்டையும் போடவில்லை. சாப்பிட்டாள், படுத்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "புதுக் கடை. போகப் போகத் தெரியும்," என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் குளித்துவிட்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, ஈரத்துணி உலர்த்த வெளியே வந்தார். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி உள்ளே, போன் உள்ளே, மனைவி கடையில். மனைவியின் எண்ணா? போனுக்குத்தான் தெரியும்.

எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்த நர்ஸ், இரவு வேலை முடிந்து அப்போதுதான் படியேறி வந்தாள். துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "என் சம்சாரம் கடைக்கு வெப் பேஜ் இருக்கும்மா. நான் போட்டதுதான்," என்று பெருமையோடு பெயரையும் சொன்னார்.

நர்ஸ் திறந்தாள். "எண்ணைத் தொட்டா கால் போகலையே சார்?"

"அது படம்மா. பாத்து அடிக்கணும். கொஞ்சம் பெருசாக்குங்க."

"பெருசாக்கினா பாதி எண்தான் தெரியுது."

"மீதி அடுத்த பத்தியில, மேல இருக்கும்."

மேலே எண்ணின் மீதியோடு கடை திறக்கும் நேரமும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்து அடித்தாள். ஒரு டயர் கடை எடுத்தது. மறுபடி அடித்தாள். "டயர் வேணும்னா சொல்லுங்கம்மா. பூட்டு எங்க கிட்ட இல்ல," என்றது அதே குரல்.

நர்ஸுக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. வேறொரு பூட்டுக்கடையின் பக்கத்தைத் திறந்தாள். பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான். ஒரே தொடுதல். "பத்து நிமிஷத்துல ஆள் வராங்க சார்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். துண்டு நழுவியதால் மூடிக்கொண்டார்.

வந்தவன் கதவின் முன் குந்தி வேலையைத் தொடங்கியபோது, மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுக்க மனைவி படியேறி வந்தாள்.

"அக்கா!" என்று எழுந்தான் அவன். அவளுடைய பழைய கடை ஆள். அவளிடம் வேலை கற்றவன். "இது உங்க வீடா? தெரியாதுக்கா. போன் வந்துச்சு, வந்தேன்."

அவள் அவனைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். நடந்ததை மில்லிமீட்டர் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும், படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பக்கம் பக்கம்னு குதிச்சீங்களே. என் பக்கம் கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

அவர் துண்டை இறுக்கிக்கொண்டார். "தப்புதான். முழுக்க என் தப்புதான்," என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. கதவு திறந்ததும், சட்டை கூடப் போடாமல் மச்சினனுக்குப் போன் செய்தார்.

தம்பி ஒரே மதியத்தில் முடித்துவிட்டான். எழுத்து கண்ட இடத்தில் மடிந்தது, வலது ஓரம் கன்னாபின்னாவென்று நின்றது. மில்லிமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே விட்டார்.

மூன்றாம் நாள் காலை, வாயில் பல்துலக்கும் பிரஷ் இருக்கும்போது அவள் போன் அடித்தது. நுரையைத் துப்பிவிட்டு எடுத்தாள்.

"பூட்டுக்கடை. சொல்லுங்க," என்றாள். பத்து வருடம் அடுத்தவன் கடைக்குச் சொன்ன வார்த்தைதான். இந்தக் குரலில் அவள் அதைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.