இடப்பக்க சீட்டில் எடை

இதைக் கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. 2007 ஜூன் மாதம், உத்திரமேரூரில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நானும் பக்கத்து ஊரான பெருநகரைச் சேர்ந்த சாம்சனும் ஒரு டீம். கம்ப்யூட்டரில் கார் ரேஸ். எங்களுடையது அறுபதுகளில் வந்த ஒரு இங்கிலாந்து டூரிங் கார், அதாவது ரேஸுக்கு மாற்றிய ரோட்டு வண்டி. ஸ்டியரிங் நம் ஊர் வண்டி மாதிரியே வலப்பக்கம். நான் ஓட்டுவேன். அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு டயர் எவ்வளவு சூடு என்று திரையில் பார்த்துச் சொல்வான். அதை வைத்து ஸ்பிரிங், காற்று, பிரேக் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்வோம். செட்டப் என்பது அதுதான்.

இணையத்தில் நடந்த போட்டி ஒன்றில் இறுதிப் பந்தயம் வரை வந்துவிட்டோம். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது சாம்சன் போன வாடகைக் கார் பாலத்தில் மோதியது. முன் சீட்டில், இடப்பக்கம் இருந்தான். அங்கேயே போய்விட்டான்.

நான் அழவில்லை. குழியில் மண் போட்டபோதுகூட அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துக் கிடந்தது. அவன் தங்கை பிரிஸ்கில்லா ஒருநாள் சென்டருக்கே வந்து நின்றாள்.

"அண்ணன் பேர்லயே ஓட்டு வினோத்ண்ணா. பாதில வுட்டுடாத."

சரி என்றேன். முடித்துக் கொடுக்க வேண்டும். வேறு எதிலும் எனக்கு அக்கறையில்லை.

ஓனர் சாப்பிடப் போன மதியத்தில் உட்கார்ந்தேன். சாம்சனோடு கடைசியாகச் செய்த அதே செட்டப். எதையும் தொடவில்லை. ஆனால் நேர் ரோட்டிலேயே வண்டி இடப்பக்கம் சாய்ந்தது... இடது டயர் இரண்டும் வலதைவிடச் சூடு. வளைவே இல்லாத இடத்தில். கேமை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே சாய்வு.

ஷேர் ஆட்டோ ஓட்டும் பச்சமுத்து அண்ணன் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்கிற ஆள் அவர்.

"லெஃப்ட்ல ஆளு குந்திக்கினு கீது."

"இது கேமுண்ணா. ஆளே கெடையாது."

"இன்னா கெடையாது? வண்டி ஆளோட போவுது, பாரு."

சிரிக்காமல் போய்விட்டார். நான் பயப்படவில்லை. பயப்படவும் ஒரு மனசு வேண்டுமே. ஷேர் ஆட்டோக்காரர்கள் செய்வதையே நானும் செய்தேன். ஆள் இருக்கிற பக்கம் ஸ்பிரிங்கை இறுக்கினேன், டயரில் காற்றை ஏற்றினேன்.

வண்டி நேராகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டுக்குப் பந்தயம். ஓட்டுகிறவர்கள் பேசிக்கொள்ள மைக் வைத்த ஹெட்போன் உண்டு. மாட்டிக்கொண்டேன். எனக்கு இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது... உர்ர்ர்...

மூன்றாவது இடம். இரண்டாவது இடம்.

12:31. பக்கத்து ஸ்டூல் கிரீச் என்றது.

திரும்பவில்லை.

இடது தோள் மட்டும் சில்லென்று...

கடைசிச் சுற்று. கடைசி வளைவு.

டப்.

இடது பின் டயர். வண்டி சுவரில் மோதி நின்றுவிட்டது. முடிகிற கோடு கண்ணெதிரே தெரிந்தது. பிரிஸ்கில்லாவிடம் என்ன சொல்வேன் என்று மட்டும் தோன்றியது.

சாயங்காலம், போட்டியை நடத்திய சந்தோஷ் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"உங்க பக்கத்துல இருந்தது யாருங்க?"

"யாரும் இல்லையே."

"மைக்ல எங்க எல்லாருக்கும் கேட்டுதே. 'வினோத்து, பின்னாடி லெஃப்டு சூடாவுது, மெதுவா போ'ன்னு கெஞ்சிக்கினே இருந்தாரு. நீங்கதான் காதுல வாங்கல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"டயர் போனதும், 'வுடு மச்சான், எனக்கும் அதே டயருதான்'னு சொன்னாரு. அதோட சத்தமே இல்ல."

சாம்சன் போன காரின் டிரைவர் தூங்கிவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில், அந்தக் காரை இழுத்து வந்து போட்டிருந்த ஷெட்டுக்குப் போனேன். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்ததால் பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

இடது பின் டயர் வெடித்துக் கிழிந்திருந்தது.

ஷெட்டுக்குள் வெயிலே வராது. கார் அங்கே வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. குனிந்து ரப்பரில் கை வைத்தேன்.

சுட்டது.

கையை எடுக்க மனசு வரவில்லை.